அம்மணிக்கேற்ற கடிவாளம்

"பால் பாத்திரத்துல என்னங்க கொதிக்குது?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தபோது சேணக்காரர் கூடத்து நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் விட்டிருந்தார். எழுந்து போய்ப் பதில் சொல்லத் தெம்பில்லை. இருந்த இடத்திலிருந்தே, "ஒண்ணுமில்ல, இரும்புதான்" என்றார்.

"இரும்பா? இரும்பு எங்கயாவது வேகுமா?"

"வேக வைக்கல. சுத்தம் பண்றேன். நாளைக்கு அம்மணி வாயில மாட்டணும்."

மனைவி இடுக்கியோடு கூடத்துக்கு வந்தாள். இடுக்கியின் நுனியில் ஆவி பறக்கத் தொங்கியது ஒரு கடிவாளக் கம்பி. இரண்டு பக்கமும் வளையம். நடுவில் இரண்டு மூட்டு. மூட்டுகளுக்கு இடையே பட்டாணி அளவில் ஓர் உருண்டை.

"இது இதுக்கு முன்னால எந்த வாயில இருந்துச்சு?"

"எந்த வாயிலயும் இல்ல. புதுசு."

"அப்ப இன்னொண்ணும் சேத்து வாங்கிட்டு வாங்க. நம்ம வீட்லயும் ஒரு வாய்க்குத் தேவைப்படுது."

எந்த வாய்க்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"சரி, இப்ப பால எதுல காய்ச்சறது? இன்னொரு பாத்திரத்துல ஏதோ வார ஊறப் போட்டு எடுத்துட்டுப் போனீங்களே, அது எங்க?"

அந்தப் பாத்திரம் இன்னும் கிளப்பின் சேண அறையில், எண்ணெயும் வாருமாக அப்படியே கிடக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சேணக்காரர் பட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிங்க, நல்லா அடிங்க. நெத்தியா கதவா அது? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தட்டறீங்க, உள்ளேர்ந்து ஒருத்தரும் வந்து திறக்கக் காணோம்" என்று சொல்லிவிட்டு அவள் இரும்போடு திரும்பிப் போனாள்.

சேணக்காரருக்கு வேலை குதிரையேற்ற கிளப்பில். சேணம் தைப்பது, வார் வெட்டுவது, கடிவாளம் துடைப்பது, லகானுக்கு எண்ணெய் போடுவது என்று அங்கே தோலும் இரும்பும் எங்கே கூடினாலும் அது அவர் தலையில்தான் விழும். குதிரை வாங்குவது மட்டும் அவர் வேலை இல்லை. அது செயலாளர் தன் கையில் வைத்திருந்த அதிகாரம். அவர் கடைசியாகப் பார்த்து வாங்கிய குதிரைக்கு, ஏறியவர் முதுகில் இருக்கும்போதே படுத்து உருளும் பழக்கம் இருந்தது. அதற்குப் பிறகுதான் செயலாளர் பெரிய மனது பண்ணி, "இந்தத் தடவ நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய காரியத்தை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்று சேணக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குதிரை வியாபாரியிடம் போனார். அங்கே வரிசையாக நின்ற குதிரைகளில் ஒன்று தானாக நடந்து வந்து அவர் தோளில் உதட்டை வைத்தது. பழுப்பு நிறம், குள்ள உருவம், தூக்கக் கலக்கம் போலக் கண்கள். சேணம் போட்டு நடக்கவிட்டார்கள், ஓடவிட்டார்கள். கழுத்துக்கு மேலே ஒரு அசைவு இல்லை. சேணக்காரர் அன்று சாயங்காலம்வரை சிரித்த முகத்தோடு இருந்தார். அவருக்கு அப்படிப்பட்ட நாட்கள் அடிக்கடி வாய்ப்பதில்லை. "பெரிய இடத்துப் பிள்ளைங்க ஏறி விளையாடின குதிரை" என்று வியாபாரி சொன்னதையும் அப்படியே நம்பினார். கிளப்புக்கு வந்ததும் அதன் நடையைப் பார்த்து எல்லோரும் அம்மணி என்றார்கள். அதுவே பேராகிவிட்டது.

அம்மணியை வாங்கியதே டீச்சரம்மாவுக்காகத்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்து குதிரை ஏற வேண்டும் என்று ஆசை. முதலில் அப்பா விடவில்லை, அப்புறம் கணவர் விடவில்லை, அப்புறம் பிள்ளைகளின் பரீட்சைகள் விடவில்லை. எல்லோரும் விட்டு முடித்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. ஒருநாள் கிளப் வாசலில் வந்து நின்று, "எனக்கு ஏறணும். விழுந்தா நானே எழுந்துக்கறேன்" என்றார். இருந்த குதிரைகள் எல்லாம் ஒட்டடைக் குச்சிக்கு எட்டாத உயரம். அம்மணிதான் அவருக்கென்று அளவெடுத்த மாதிரி வந்தாள்.

முதல் நாள் நன்றாகத்தான் ஆரம்பித்தது. டீச்சரம்மா ஏறி உட்கார்ந்தார். அம்மணி அசையாமல் நின்றாள். வயிற்று வாரை இன்னும் ஒரு துளை இறுக்க மறந்தது அப்போதுதான் சேணக்காரருக்கு உறைத்தது. "அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவர் வேலிக்குள் நுழைவதற்குள், அம்மணி தலையை இடமும் வலமுமாக உதறு உதறென்று உதறினாள். லகான் டீச்சரம்மாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"வாய்ல குத்துது போலப்பா" என்றார் டீச்சரம்மா.

செயலாளர் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ரொம்ப மெல்லிசான வாயோ?" என்றார்.

அவ்வளவுதான். அம்மணிக்கு மெல்லிய வாய் என்று ஒரே நிமிஷத்தில் தீர்ப்பாகிவிட்டது. அந்த வாய்க்கேற்ற கடிவாளத்தைத் தேடி எடுப்பது சேணக்காரரின் தலைவிதியாகிவிட்டது.

முதலில் இருந்தது நடுவில் ஒற்றை மூட்டு வைத்த கம்பி. லகானை இழுத்தால் அது வாய்க்குள் மடங்கி மேலண்ணத்தில் இடிக்கும் என்று கடிவாளம் விற்கும் கடைக்காரர் சொன்னார். அதனால்தான் இந்த இரட்டை மூட்டு, நடுவில் உருண்டை, பால் பாத்திரம் எல்லாம்.

மறுநாள் காலை லாயத்தில் அதை மாட்டினார். ஒரு கையில் கம்பி, மறு கையில் வார். அம்மணி கேட்காமலேயே வாயைத் திறந்தாள். கன்னத்து வாரை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். மூக்கு வாருக்கு அடியில் இரண்டு விரல் போகிறதா என்று பார்த்தார். உதட்டோரத்தில் ஒரே ஒரு சுருக்கம் விழுந்தது, அதுதான் சரியான அளவு. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கண்டுபிடிச்சாச்சு டீச்சரம்மா!" என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனார். டீச்சரம்மா ஏறி ஒரு சுற்று முடித்தார். இரண்டாவது சுற்றின் பாதியில் செயலாளர் வேலியருகே வந்து, "ஆமா, தண்ணித் தொட்டிக் குழாய மூடினீங்களா? அங்க ஆறா ஓடுதே" என்றார்.

மூடவில்லை. சேணக்காரரின் கை நெற்றியில் விழுந்தது. மைதானத்தில் லகான் பறந்தது.

"உருண்டையும் ஒத்துக்கல போல" என்றார் செயலாளர்.

உதறி முடித்த அம்மணி, டீச்சரம்மாவையும் சுமந்துகொண்டு நேரே வேலியருகே வந்தாள். சேணக்காரரின் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்துத் துழாவினாள். பையில் மெழுகு நூலும் துளையூசியும்தான் இருந்தன. மூக்கை வெளியே எடுத்து அவரையே ஒரு பார்வை பார்த்தாள்.

"வேற கம்பி வச்சிருக்கியான்னு தேடறா" என்றார் டீச்சரம்மா மேலிருந்து.

"வாங்கித் தரேம்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றார் சேணக்காரர் குதிரையிடம். யாரிடமும் இவ்வளவு பொறுமையாக யாரும் முறையிட்டு அவர் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவர் வந்தார். அம்மணியின் வாயில் விளக்கடித்து, கடைவாய்வரை கையை விட்டுப் பார்த்தார். "பல்லெல்லாம் என் பல்லவிட நல்லாருக்கு. புண்ணு கிடையாது, வீக்கம் கிடையாது. ஒருவேள இரும்போட ருசி பிடிக்கலையோ என்னவோ. செம்பு வச்ச கம்பி இருக்கு, கொஞ்சம் இனிப்பா இருக்கும்னு சொல்வாங்க. பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

செம்புக் கம்பி வந்தது. அது இனிக்கிறதா இல்லையா என்பதைக் மருத்துவரின் பேச்சை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ளச் சேணக்காரர் தயாராக இல்லை. சேண அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கம்பியைத் தன் வாயில் வைத்து, வளையம் இரண்டும் கன்னத்துக்கு வெளியே தொங்க, நாக்கால் தடவிப் பார்த்தார். இனிக்கவில்லை. கம்பிக்கு அவருடைய வாயின் அகலமும் பத்தவில்லை.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. புதிதாகச் சேர வந்த ஒரு குடும்பத்துக்குக் கிளப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டு செயலாளர் நின்றார். "இதுதான் நம்ம சேண அறை. இவர்தான்..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வாயில் கம்பியோடு வணக்கம் சொல்ல முடியாது. சேணக்காரர் தலையை மட்டும் மரியாதையாக அசைத்தார். வளையங்கள் கிணுகிணுத்தன. பதற்றத்தில் கம்பியை அழுத்திக் கடித்துவிட்டார். 'கடக்' என்று ஒரு சத்தம். உடைந்தது கம்பி இல்லை.

குடும்பத்தலைவர் தன் குழந்தைகளை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தக் குடும்பம் கிளப்பில் சேரவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் செயலாளர் அப்புறமாக. "கேக்கறவங்க கேக்கறாங்க. ஒரு குதிரைக்குக் கடிவாளம் தேடறதுக்கு இவ்வளவு கூத்தான்னு. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லன்னா நான் வரவேண்டியிருக்கும்."

கடைவாய்ப் பல் பாதியாகிவிட்ட வலியோடு சேணக்காரர் அடுத்த யோசனைக்குப் போனார். செம்பு இனிக்கவில்லையென்றால் இனிக்க வைத்துவிட வேண்டியதுதான். வீட்டிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் தேன் கொண்டுவந்து கம்பியில் தாராளமாகத் தடவினார். அம்மணி சப்புக்கொட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். மைதானத்தில் ஒரு சுற்று பிரமாதமாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் தேனீக்கள் வந்துவிட்டன.

முதலில் ஒன்று வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. பிறகு சொந்தபந்தங்களோடு வந்தது. பாதி அம்மணியின் வாயைச் சுற்றின, மீதி சேணக்காரரின் விரல்களைச் சுற்றின. ஒன்று அவர் நெற்றியில் உட்கார்ந்தது. பளீரென்று ஒரு அறை விட்டார். தேனீ தப்பித்துக்கொண்டது. அம்மணி உதறிய உதறலில் டீச்சரம்மாவின் மூக்குக்கண்ணாடி மணலில் போய் விழுந்தது.

"தேனீ கடிச்சா யார்தான் உதற மாட்டாங்க?" என்றார் டீச்சரம்மா பெருந்தன்மையாக. ஆனால் அம்மணியை ஒரு தேனீயும் கடித்திருக்கவில்லை. கடித்தது சேணக்காரரைத்தான். உடைந்த பல் இருந்த கன்னமும் தேனீ கடித்த நெற்றியும் ஒரே பக்கம். வீட்டுக்குப் போனபோது மனைவி கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றாள்.

மறுநாள் அவர் பல் மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. போவதற்கு முன்னால் அம்மணிக்கு ரப்பர் சுற்றிய கம்பியை மாட்டி, லகானை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு நான் இல்ல. எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது, உள்ளே நுழையும் ஒவ்வொரு இரும்புக்கும் அவர் அம்மணியை நினைத்துக்கொண்டார். பாவம், அவளும் இப்படித்தானே?

சாயங்காலம் டீச்சரம்மாவின் போன் வந்தது.

"சேணக்காரரே! இன்னிக்கு முழுக்க ஏறினேன்ப்பா! நடந்தா, ஓடினா, திரும்புன்னா திரும்பினா. ஒரு உதறல் இல்ல. பட்டு மாதிரி இருந்தா. எனக்கு என்ன வயசுன்னே மறந்துபோச்சு!"

கடைசி வரியைச் சொல்லும்போது டீச்சரம்மாவின் குரல் சின்னப் பெண்ணுடையது போல இருந்தது. சேணக்காரருக்கு மரத்துப்போன வாய் என்பதால் சரியாகச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. "ரப்பர்... ரப்பர்தான்" என்று மட்டும் குழறினார்.

செயலாளர் சும்மா இருப்பாரா? நிர்வாகிகளையெல்லாம் வரவழைத்துவிட்டார். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "எங்க சேணக்காரர் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச கடிவாளம்" என்று அறிமுகம் வேறு நடந்தது. சேணக்காரர் வீங்கிய கன்னத்தோடு, சலவைச் சட்டையில், வேலியருகே நின்றார். டீச்சரம்மா ஏறினார். அம்மணி அழகாக நடந்து வந்தாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அந்தப் பால் பாத்திரமும் காணோமே. அதையும் அங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

ரப்பர் கம்பியைக் கழுவுவதற்கு எடுத்துப்போயிருந்தார். இப்போது இரண்டு பாத்திரமும் சேண அறையில். போனை அணைக்காமலேயே பைக்குள் போட்ட அவர் கை தன்னிச்சையாக மேலே போய்ப் பட்டென்று இறங்கியது.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. உதறி முடித்த அம்மணி, நிர்வாகிகள் அத்தனை பேரின் முன்னிலையிலும் சேணக்காரரிடம் வந்து, அவர் சட்டைப்பைக்குள் மூக்கை விட்டு, போனை எச்சிலாக்கிவிட்டுப் போனாள். "அலோ? அலோ? என்னங்க, மூச்சு இப்படி வாங்குது?" என்று மனைவி கத்திக்கொண்டிருந்தாள்.

"இதுவே கடைசி வாய்ப்பு" என்றார் செயலாளர், நாற்காலிகள் காலியானதும். "இன்னும் ஒரு தடவ இப்படி ஆச்சுன்னா, வியாபாரிய லாரி அனுப்பச் சொல்லிடுவேன். நீங்களும் இனிமே தைக்கிற வேலையோட நின்னுக்கலாம். குதிர பாக்கறத நான் பாத்துக்கறேன்."

சேணக்காரர் சேண அறையில் போய் உட்கார்ந்தார். சுவர் முழுக்க ஆணிகள், ஆணி முழுக்கக் கடிவாளங்கள். ஒற்றை மூட்டு, இரட்டை மூட்டு, செம்பு, ரப்பர். அத்தனையும் அவர் முகத்தைப் பார்த்துத் தொங்கின. அவர் களைத்திருந்தார். கால் களைத்திருந்தது, கை களைத்திருந்தது, பாதிப் பல் களைத்திருந்தது. ஆனால் லாரி என்ற சொல் மட்டும் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் போகும் குதிரையை வியாபாரி அடுத்து யாரிடம் தள்ளுவான் என்று யாருக்குத் தெரியும்? உதறும் குதிரையை அடக்கக் கூரான முள்வைத்த கம்பி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம்தான் தோன்றியது. வாயில் எதை வைத்தாலும் பிடிக்கவில்லை என்றால், வாயில் எதையுமே வைக்காமல் விட்டால் என்ன?

இருக்கிற தோலிலேயே மிருதுவான தோலாக எடுத்தார். மூக்குத்தண்டில் உட்காரும் வாருக்கு உள்பக்கம் கம்பளி வைத்துத் தைத்தார். காதுக்குப் பின்னால் அழுத்தாதபடி தலை வாரை வளைத்து வெட்டினார். லகான் நேராக மூக்கு வாரில் போய்ச் சேர்ந்தது. கம்பியே இல்லாத கடிவாளம். அவர் தைத்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

மறுநாள் மைதானத்தில் செயலாளர், டீச்சரம்மா, அவர், அம்மணி. வேறு யாரும் இல்லை. சேணக்காரர் வேலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் வெளுத்தது. அம்மணி நடந்தாள். ஓடினாள். வளைந்தாள், நின்றாள், பின்னால் நகர்ந்தாள். தலை அசையவில்லை. செயலாளர்கூடப் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

டீச்சரம்மா குதிரையை நிறுத்தி, முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பினார். "ஏம்ப்பா சேணக்காரரே, ஊர்ல இருக்கிற கம்பியெல்லாம் தேடி அலைஞ்சியே, முதல்லயே இத மாட்டியிருக்கலாமே!"

ஆமாம்தானே! இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? சேணக்காரர் வாயெல்லாம் சிரிப்பாக வேலியை விட்டுவிட்டு, ஓங்கித் தன் நெற்றியில் ஒன்று போட்டார்.

அம்மணி தலையை உதற, லகானோடு சேர்ந்து டீச்சரம்மாவும் மணலில் உட்கார்ந்த வாக்கில் இறங்கினார். வாக்குக் கொடுத்தபடி தானேதான் எழுந்தார். ஆனால் எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை.

செயலாளர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வாயில ஒண்ணுமே இல்ல. அப்புறம் என்ன வலிக்குது அதுக்கு? மனசா?" என்று கேட்டுவிட்டு, பைக்குள்ளிருந்து போனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டார்.

அன்று வீட்டில் சேணக்காரர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவிக்குக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நீங்க பல்லுக்குப் போன அன்னிக்கு அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப அதுக்குக் கடிவாளம் பிடிக்காம இல்லீங்க. உங்களத்தான் பிடிக்கல போல. 'வேணாம், வேணாம்'னு தலைய ஆட்டுது."

யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது. அவர் பக்கத்தில் இருந்த போதெல்லாம் உதறினாள். அவர் இல்லாத அன்று உதறவில்லை. வியாபாரியின் கொட்டிலில் அத்தனை பேர் நின்றும் தன் தோளைத் தேடி வந்த குதிரை, பழகிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறது. கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கே பலமுறை தோன்றியிருக்கும் விஷயம்தான், அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. குதிரை சொல்லிவிட்டது. சேணக்காரர் தட்டிலேயே கையைக் கழுவினார்.

காலையில் லாரி வந்தது. அம்மணியைக் கொண்டுவந்து விட்ட பழைய டிரைவர் இல்லை, வேறு ஆள். தொப்பையும் நரைத்த மீசையுமாக, அலுங்காமல் இறங்கிப் பின்கதவைத் திறந்து சாய்வுப் பலகையைப் போட்டார்.

"சர்க்கஸ மூடினப்ப லாரி, குதிர, நான் மூணையும் சேத்துத்தான் சார் வியாபாரி எடுத்துக்கிட்டாரு" என்று யாரும் கேட்காமலேயே தன் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு சக்கரத்துக்குக் கல் வைத்தார். கேட்கும் மனநிலையில் அங்கே யாரும் இல்லை. செயலாளர் போனில் இருந்தார். டீச்சரம்மா சாதாரணப் புடவையில், இடுப்பைப் பிடித்தபடி, வேலியோரம் நின்றார். "இதுக்கு மேல வேற குதிரயெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. ஆச தீந்துடுச்சு" என்று அவர் சொன்னது பொய் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சேணக்காரர் தூரத்திலேயே நின்றுகொண்டார். தான் கிட்டே போனால் கடைசி நேரத்திலும் அவளுக்குச் சங்கடம் எதற்கு? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டிரைவர் அவளைக் கயிற்றில் பிடித்துப் பலகையில் ஏற்றுவதைப் பார்த்தார். அம்மணி பாதிப் பலகைவரை சாதுவாக ஏறினாள்.

கம்பியில்லாக் கடிவாளம்! அதை அவளோடு அனுப்புவதாகத்தானே விடிய விடிய நினைத்திருந்தார்? போகிற இடத்தில் எவனாவது முள்கம்பியை மாட்டுவதற்கு முன்னால் இதை மாட்டிப் பார்க்கட்டும் என்று. அது சேண அறை ஆணியிலேயே தொங்குகிறது. "சே! இதக்கூட மறந்துட்டேனே!" என்று சேணக்காரர் தலையில் பட்டுப் பட்டென்று இரண்டு தடவை அடித்துக்கொண்டார்.

அம்மணி பலகையில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தலையை இடமும் வலமுமாக இரண்டு தடவை அழகாக உதறினாள். பிறகு டிரைவரின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு, பலகையிலிருந்து இறங்கி, நேரே நடந்து வந்து அவர் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்தாள்.

சேணக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "போதும்மா. நீ சொல்றது புரிஞ்சுடுச்சு. எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. இனிமே நான் உன் கண்ணுலயே பட மாட்டேன், போ" என்று அவள் கழுத்தைத் தள்ளினார். அவள் நகரவில்லை. பையைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

லாரிப் பக்கத்திலிருந்து பலமான கைதட்டல் கேட்டது. டிரைவர்தான் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தார். மீசைக்கு அடியில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன.

செயலாளர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "மனுஷன் அழுதுட்டிருக்காரு, எதுக்குய்யா கை தட்டற?"

"பின்ன என்ன சார்? எங்க சர்க்கஸ்ல கோமாளி நெத்தியில அடிச்சுக்கிட்டா, அடிச்ச தடவைக்குத் தலைய உதறிட்டு, அவன் சட்டைப்பையில இருக்கிற கேரட்ட வந்து எடுத்துக்கறதுதான் இதோட ஆட்டமே. மறக்காம எப்படி ஆடுது பாருங்க! ஆமா, இத்தன நாளா இத ஆட வச்சீங்களே, ஒரு கேரட்டாவது கொடுத்தீங்களா இல்லையா?"